சாம் மானெக்‌ஷா: குன்னூரில் வாழ்ந்த போர்வீரரை எப்படி நினைவுகூர்வது?

நீலமலைவாசி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். 1971 போரில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாளான டிசம்பர் 16 ஒவ்வோர் ஆண்டும் நெருங்கும்போது, அன்று தரைப்படைத் தலைவராக இருந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் மீசையும், சற்றே சாய்த்து அணிந்த தொப்பியும், அவர் சொன்னதாகக் கூறப்படும் நான்கைந்து துணிச்சலான வாசகங்களும் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வருகின்றன. அந்த வாசகங்களைப் பகிர்வதில் தவறேதும் இல்லை. ஆனால் 94 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கை நான்கைந்து வாசகங்களாகச் சுருங்கிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. அதிலும் 1973இல் ஓய்வுபெற்றதற்குப் பிந்திய 35 ஆண்டுகளை, அதாவது தம் பணிக்காலத்துக்கு ஏறத்தாழ இணையான ஒரு காலத்தை, அவர் நம் நீலகிரியைத் தம் ஊராகக் கொண்டு வாழ்ந்தார். ஆகவே, படைத்தலைவர் என்ற முகத்தோடு கணவர், தந்தை என்ற முகங்களையும் சேர்த்து, தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதி ஒன்றுசேர்க்கலாம் என்ற எண்ணத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அடிப்படைச் செய்திகளை நானே எழுதிவிடுகிறேன். அவர் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர், முதல் உலகப் போரில் படையின் மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர். மகனும் இங்கிலாந்து சென்று மருத்துவம் படிக்கவே விரும்பினார். தனியாக அவ்வளவு தொலைவு செல்லும் வயது இன்னும் வரவில்லை என்று தந்தை மறுத்துவிட, அந்தக் கோபத்தில் எழுதியதுதான் டேராடூன் இராணுவக் கழகத்தின் நுழைவுத் தேர்வு. 1932 அக்டோபரில் அக்கழகம் திறக்கப்பட்டபோது சேர்ந்த 40 பேரில் அவரும் ஒருவர். அந்த ஒரே வகுப்பிலிருந்து மூன்று நாடுகளின் தரைப்படைத் தலைவர்கள் வந்தார்கள்: இந்தியாவுக்கு மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு முகம்மது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன்.

என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய துணிவு என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களை வீணாகப் பலிகொடுக்கக் கூடாது என்ற அக்கறையிலிருந்து பிறந்தது. பிரதமரின் முன்னால் “இப்போது முடியாது” என்று சொன்னதும், தோற்ற படையின் வீரர்களைக் கண்ணியத்தோடு நடத்தச் செய்ததும் அந்த ஒரே அக்கறையின் வெவ்வேறு வெளிப்பாடுகள் என்று நான் கருதுகிறேன். மறுப்பவர்கள் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வெறும் புகழுரைகளாக இந்த இழை நிறைந்துவிடக் கூடாது என்பதே என் விருப்பம்.

ஓய்வுபெற்ற சுபேதார்

ஐயா, நல்ல பணியைத் தொடங்கியிருக்கிறீர்கள். நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது மானெக்‌ஷா அவர்கள் ஓய்வுபெற்று நெடுங்காலம் ஆகியிருந்தது. ஆனாலும் பயிற்சி மையத்தில் அவருடைய பெயரைக் கேட்காமல் எந்த வாரமும் கழிந்ததில்லை. பயிற்சி தந்தவர்கள் 1971ஐவிட 1942ஐப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதையே இங்கு எழுதுகிறேன்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. ரங்கூனுக்குச் செல்லும் வழியில் சிட்டாங் ஆறு குறுக்கிடுகிறது; அதன்மேல் இருந்தது ஒரே ஒரு ரயில் பாலம். பாலத்தை எதிரி கைப்பற்றிவிட்டால் ரங்கூன் போய்விடும். பாலத்தைத் தகர்த்துவிட்டால் அக்கரையில் நிற்கும் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். பாலத்தின் அருகே பகோடா குன்று என்ற மேடு எதிரியின் கைக்குப் போனதும், அதை மீட்கும் பொறுப்பு 12ஆவது ஃபிரன்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்டின் நான்காம் பட்டாலியனுக்கு வந்தது. அதன் ‘ஏ’ கம்பெனியை நடத்திச் சென்றவர் 27 வயதுக் கேப்டன் மானெக்‌ஷா. பாதிக்கு மேற்பட்டோர் வீழ்ந்த பின்னும் கம்பெனி முன்னேறிக் குன்றைப் பிடித்தது. அந்தத் தருணத்தில்தான் இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் அவருடைய வயிற்றைத் துளைத்தன.

அவர் பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் எண்ணினார்கள். பின்னர் 17ஆவது டிவிஷனின் தளபதியான டேவிட் கோவன், இறந்தவர்களுக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வழங்கும் வழக்கம் இல்லை என்பதால், தம் மார்பிலிருந்த அந்தப் பதக்கத்தின் நாடாவை எடுத்து அவருக்குக் குத்தினார் என்பது படையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. விருது ஏப்ரலில் முறையாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, பிப்ரவரி 23 அதிகாலையில், பாலம் தகர்க்கப்பட்டது. டிவிஷனின் பெரும்பகுதி அக்கரையிலேயே சிக்கிக்கொண்டது. மார்ச் 8 அன்று ரங்கூனும் வீழ்ந்தது.

நான் எழுத வந்தது பதக்கத்தைப் பற்றி அன்று, அவருடைய ஆர்டர்லி ஷேர் சிங்கைப் பற்றி. கைவிடப்பட்ட நிலையில் கிடந்த அதிகாரியைச் சுமந்துகொண்டு மருத்துவரிடம் சேர்த்தவர் அந்தச் சிப்பாய்தான். காயத்தைப் பார்த்த மருத்துவர் சிகிச்சையளித்தும் பயனில்லை என்று தயங்கியபோது, விடாமல் வற்புறுத்தி அறுவை சிகிச்சை செய்ய வைத்தவரும் அவர்தான். நினைவு திரும்பிய மானெக்‌ஷாவிடம் என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்க, “கோவேறு கழுதை உதைத்துவிட்டது” என்று அவர் பதில் சொன்னதாக எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பில் ஷேர் சிங் மறைந்துபோய்விடுகிறார். 1971இல் நமக்குக் கிடைத்த தலைமைத் தளபதி, 1942இல் ஒரு சிப்பாய் தம் தோளில் சுமந்து காப்பாற்றிய உயிர். நினைவுக் குறிப்பு எழுதுவீர்களானால் அந்தச் சிப்பாயின் பெயருக்கு முதல் பக்கத்திலேயே இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுவடி

சுபேதார் ஐயாவின் பதிவை மிகுந்த மதிப்போடு படித்தேன். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். மானெக்‌ஷாவைப் பற்றிய செய்திகளில் ஆவணங்கள் உறுதிசெய்பவை சில, அவரே பிற்காலத்தில் மேடைகளில் சொன்னவை பல, யார் சொன்னதென்றே தெரியாமல் பரவியவை மிகப் பல. அவர் உடலில் பாய்ந்த குண்டுகள் ஏழு என்பாரும் உண்டு, ஒன்பது என்பாரும் உண்டு. எண்ணிக்கை எதுவாயினும் காயத்தின் கொடுமை குறையப்போவதில்லை என்பதால், நம் குறிப்பில் ‘பல குண்டுகள்’ என்று எழுதினால் போதும்.

இதைவிட முக்கியமானது 1971 ஏப்ரல் இறுதியில் நடந்ததாகக் கூறப்படும் அமைச்சரவைக் கூட்டம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில், படையை உடனே அனுப்ப முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டார் என்றும், மானெக்‌ஷா மறுத்துவிட்டார் என்றும், வேண்டுமானால் பதவி விலகவும் அணியமாக இருப்பதாகச் சொன்னார் என்றும் நாம் அறிவோம். அவர் முன்வைத்த காரணங்களைக் கவனியுங்கள். பருவமழை தொடங்கிவிட்டால் வங்கத்தின் ஆறுகள் கடல்போல் விரிந்துவிடும்; படை சாலையை விட்டு இறங்க முடியாது. இமயக் கணவாய்களில் பனி உருகிவிடுமாதலால் சீனா தலையிட வழி திறந்திருக்கும். அறுவடைக் காலத்தில் ரயில்களையும் சாலைகளையும் படைப் போக்குவரத்துக்கு எடுத்துக்கொண்டால் தானியம் ஊர்களுக்குப் போய்ச் சேராது. கவசப் படையில் போருக்கு ஆயத்தமாக இருந்த டாங்கிகளோ மிகச் சில. இவற்றில் வீராவேசம் எதுவும் இல்லை. மழை, பனி, ரயில், தானியம் என்ற கணக்குகள்தாம் இருக்கின்றன.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நடந்த உரையாடலைப் பற்றி நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பின் ஆற்றிய உரைகளின் வழியாகத்தான். பிரதமரும் அவருடைய ஆலோசகர்களும் அந்த நேரத்தில் போரை விரும்பவே இல்லை, ஆகவே தளபதி தனியொருவராக நின்று தடுத்தார் என்பது மிகைப்படுத்தல் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அரசின் முடிவும் தளபதியின் அறிவுரையும் ஒரே திசையில் இருந்திருக்கலாம் என்று நானும் எண்ணுகிறேன். அதனால் அவருடைய பெருமைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. ஒரு தளபதி கணக்கைச் சரியாகப் போட்டார், அரசு அதை மதித்தது என்பது, ஒருவர் மேசையைக் குத்திப் பேசினார் என்பதைவிட நாட்டுக்கு நல்ல செய்தி.

மோட்டார் சைக்கிள் கதையையும் இந்த வகையில்தான் வைக்க வேண்டும். 1971இல் பாகிஸ்தானின் குடியரசுத் தலைவராக இருந்த யாஹ்யா கான், பிரிவினைக்கு முன் அவரிடமிருந்து ஆயிரம் ரூபாய்க்கு வண்டியை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை என்றும், 1971இல் பாதி நாட்டையே கொடுத்துக் கடனைத் தீர்த்தார் என்றும் சொல்லப்படுவது சுவையான பேச்சு. ஆனால் அந்தப் போரில் உயிரிழந்தவர்களின் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால், நினைவுக் குறிப்பில் அதைச் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

நீலமலைவாசி

ஏட்டுச்சுவடி ஐயாவின் கருத்தை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அரசும் தளபதியும் ஒரே எண்ணத்தில் இருந்திருந்தாலும், காத்திருப்பது என்று முடிவெடுத்த பின் கிடைத்த ஏழு மாதங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பது தளபதியின் பொறுப்பாகத்தான் இருந்தது. சாலைகள், பாலங்கள், சேமிப்புக் கிடங்குகள், குறைகளைச் சரிசெய்து நிறுத்திய டாங்கிகள் ஆகியவற்றின் பயனாகத்தான் டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16ஆம் தேதியே டாக்காவில் முடிந்தது. எத்தனை தாய்மார்களுக்குத் தந்தி போகாமல் இருந்தது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைத்தான் நான் அக்கறை என்று சொன்னேன்.

படைவீரர் மகள்

இழையை முதலிலிருந்து படித்தேன். கணவர், தந்தை என்ற முகங்களைப் பற்றி எழுதலாம் என்று தொடங்கிவிட்டு எல்லோரும் போர்க்களத்திலேயே நிற்கிறீர்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

சில்லூ போடே என்ற பெண்ணை மானெக்‌ஷா 1937இல் லாகூரில் சந்தித்தார். சில்லூ பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றவர், ஜே.ஜே. ஓவியப் பள்ளியிலும் பயின்றவர். 1939 ஏப்ரல் 22 அன்று அவர்களுக்குத் திருமணம் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. மூத்த மகள் 1940 ஜனவரியில் பிறந்தார். இந்தத் தேதிகளைச் சிட்டாங் நிகழ்வோடு சேர்த்துப் பாருங்கள். வயிற்றில் குண்டு பாய்ந்து அவர் கிடந்த அன்று, வீட்டில் மனைவியின் கையில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. ‘பிழைப்பது கடினம்’ என்று மருத்துவர் தயங்கிய செய்தி அந்த வீட்டுக்கு எப்போது, எப்படி எட்டியிருக்கும் என்றுதான் என் மனம் போகிறது.

எனக்கு இது தெரிந்த உலகம். 1971இல் என் அப்பா கிழக்கு முனையில் இருந்தார். ‘99 ஏ.பி.ஓ.’ என்ற படை அஞ்சலக முகவரியைத் தவிர அவர் இருக்கும் இடத்தைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஊர்ப்பெயரே இல்லாத அந்த முகவரிக்கு அம்மா இன்லேண்டு கடிதத்தில் விளிம்புவரை நுணுக்கி நுணுக்கி எழுதுவார். மடிக்கும் ஓரத்தில்கூட எங்கள் பரீட்சை மதிப்பெண்கள் இருக்கும். பதில் வரும்போது அது எழுதப்பட்டு வாரங்கள் கடந்திருக்கும். ஆகவே கடிதம் வந்த நாளிலும் அம்மாவின் முகம் முழுதாகத் தெளியாது. எழுதிய அன்று நலமாக இருந்தார் என்பதற்கு மட்டுமே கடிதம் சாட்சி என்று அவருக்குத் தெரியும். சிப்பாயின் மனைவிக்கும் தளபதியின் மனைவிக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம். அஞ்சல்காரருக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் வேறுபாடு இருந்திருக்காது.

பிரிவினை அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் இருவரும் சந்தித்த லாகூர் வேறு நாடாகிவிட்டது. அவர் குருதி சிந்திய ரெஜிமென்டும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 1971இல் எதிர்ப்பக்கம் நின்ற படையணிகளில் ஃபிரன்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்டும் இருந்தது. 33 வயதில் புதிய படையணியில், புதிய மொழி பேசும் கூர்க்கா வீரர்களிடையே தம் பெயரை மீண்டும் நிலைநாட்ட வேண்டியவராக அவர் நின்றார். எட்டாவது கூர்க்கா ரைபிள்ஸ் வீரர் ஒருவரிடம் அவருடைய தளபதியின் பெயரைக் கேட்டபோது ‘சாம் பகதூர்’ என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். வாயில் நுழையாத பார்சிப் பெயரைத் தங்கள் வீட்டுப் பெயராக மாற்றிக்கொண்டார்கள் அந்த வீரர்கள். அவர் பெற்ற பட்டங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

சில்லூ அம்மையார் 2001 பிப்ரவரியில் காலமானார். ஏறத்தாழ 62 ஆண்டுகள் நீடித்த மணவாழ்க்கை அது. அதில் முதல் 33 ஆண்டுகள் மாற்றல் உத்தரவுகளுக்கும் போர்களுக்கும் இடையே கழிந்தவை. குன்னூர் வீட்டில் இருவரும் சேர்ந்து வாழ்ந்த 28 ஆண்டுகளைத்தான் குடும்பத்துக்கே உரிய காலம் என்று சொல்ல முடியும். எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் அந்த 28 ஆண்டுகள் இல்லை.

ஓய்வுபெற்ற சுபேதார்

அம்மா, உங்கள் தந்தைக்கும் தாயாருக்கும் என் வணக்கம். பீல்டு போஸ்டிங்கில் இருந்தபோது லீவு முடிந்து திரும்பும் நாளில் வீட்டில் யாரும் நேருக்கு நேர் பார்த்துப் பேச மாட்டார்கள். பெட்டியைக் கட்டுவதிலேயே எல்லோரும் மும்முரமாக இருப்பார்கள். நீங்கள் எழுதியதைப் படித்த பின் நான் வேறொன்றும் சேர்க்கத் தேவையில்லை. குன்னூர் வீட்டின் பெயரை மட்டும் குறிப்பிடுகிறேன்: ‘ஸ்டாவ்கா’. ரஷ்யப் படைகளின் தலைமைக் கட்டளையகத்துக்கு வழங்கும் பெயர் அது.

தென்றல்வெளி

நான் இதுவரை வாசகராக மட்டுமே இருந்தேன். போர்க்கைதிகளைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் சில வரிகள்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே மானெக்‌ஷா வானொலியிலும் துண்டறிக்கைகளிலும் எதிர்ப்படை வீரர்களை நேரடியாக விளித்துப் பேசினார். நீங்கள் சூழப்பட்டுவிட்டீர்கள், தப்ப வழியில்லை, சரணடைந்தால் போர்வீரர்களுக்குரிய மரியாதையோடு நடத்தப்படுவீர்கள் என்பதே அச்செய்திகளின் சாரம். டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதியை ஏற்க அவரே போயிருக்கலாம்; போகவில்லை. களத்தில் படையை நடத்திய கிழக்குக் கட்டளையகத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராதான் பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தளபதி நியாசியிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டார். வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற நிழற்படங்களில் ஒன்றில் தாம் இடம்பெறும் வாய்ப்பை அவர் விட்டுக்கொடுத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரணடைந்து இந்தியாவின் பொறுப்பில் வந்தவர்கள், குடிமக்களையும் சேர்த்து, ஏறத்தாழ 93,000 பேர். 1972இல் சிம்லா ஒப்பந்தம், 1973 ஆகஸ்டில் டெல்லி ஒப்பந்தம், அதன் பின் 1974 ஏப்ரல்வரை படிப்படியாகத் திருப்பியனுப்புதல் என்று அவர்கள் இங்கிருந்த காலம் நீண்டது. அவ்வளவு பேருக்கு உணவு, உறைவிடம், மருத்துவம், வழிபாடு, வீட்டுக் கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை ஒழுங்காக நடத்துவது ஒரு போரை நடத்துவதற்குச் சளைத்த வேலை அன்று.

போருக்குப் பின், கட்டுப்பாட்டுக் கோடு பற்றிப் பேச மானெக்‌ஷா லாகூர் சென்றார். அங்கே ஓர் ஊழியர் தம் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்து, தம் மகன்கள் இந்தியாவில் போர்க்கைதிகளாக நன்றாக நடத்தப்படுவதாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று நன்றி சொன்னதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஏட்டுச்சுவடி ஐயா வகுத்தபடி பார்த்தால் இது ‘அவரே மேடையில் சொன்ன’ பட்டியலில் வரும். என்றாலும், தாம் பெற்ற பாராட்டுகளுள் தாமே திரும்பத் திரும்பச் சொல்லத் தேர்ந்தெடுத்தது ஒரு தந்தையின் நன்றியை என்பது அவரைப் பற்றி நமக்கு ஏதோ சொல்கிறது.

நீலமலைவாசி

தென்றல்வெளி அவர்களுக்கு நன்றி. நம் மலையோடு அவருக்கிருந்த தொடர்பு ஓய்வுக்குப் பின் தொடங்கியதன்று என்பதையும் பதிவு செய்கிறேன். 1959இல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக வந்தார். அவருடைய வாழ்க்கையின் மிகக் கசப்பான காலமும் இங்கேதான் நேர்ந்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஏற்பட்ட உரசலுக்குப் பின், நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற தொனியில் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஜெனரல் தௌலத் சிங் தலைமையிலான குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இருந்தும் பதவி உயர்வு தடைப்பட்டு நின்றது.

1962 அக்டோபரில் சீனப் போர் வெடித்தது. தோல்விக்குப் பின் மேனன் பதவி விலக, நவம்பர் இறுதியில் அசாமின் தேஜ்பூரிலிருந்த நான்காவது கோர் என்ற பெரும் படைப்பிரிவின் பொறுப்பு மானெக்‌ஷாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மனமொடிந்து பின்வாங்கிக்கொண்டிருந்த படையிடம் அவர் சொன்ன முதல் செய்தி, எழுத்து மூலமான ஆணை இல்லாமல் இனிப் பின்வாங்கல் இல்லை, அப்படியோர் ஆணை ஒருபோதும் பிறப்பிக்கப்படாது என்பது. சில மாதங்களுக்கு முன்புவரை தம் சொந்தப் பெயரைக் காத்துக்கொள்ள விசாரணைக் குழுவின் முன் நின்ற ஒருவர், வன்மம் ஏதுமின்றி அந்தப் பொறுப்பை ஏற்றார். சிட்டாங்கைவிட இது கடினமான துணிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. 1969 ஜூன் 8 அன்று அவர் தரைப்படைத் தலைமைப் பொறுப்பை ஏற்றது ஜெனரல் பி.பி. குமாரமங்கலத்திடமிருந்து. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மகன் அவர். உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போர்க்கைதியாகச் சிறைப்பட்டவர். அவரைப் பற்றித் தனி இழையே தொடங்க வேண்டும்.

புதுவரவு

கல்லூரி மாணவி நான். ஃபீல்டு மார்ஷல் பதவியில் இருப்பவர் ஓய்வே பெறுவதில்லை என்று படித்தேன். அப்படியானால் அவருக்கு ஊதிய நிலுவை எப்படி ஏற்பட்டது? இறுதிச் சடங்கில் தலைவர்கள் கலந்துகொள்ளவில்லை என்பது உண்மையா?

ஏட்டுச்சுவடி

இரண்டும் உண்மையே. 1973 ஜனவரி முதல் நாளில் அவருக்கு ஃபீல்டு மார்ஷல் தகுதி அளிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் அதைப் பெற்ற முதல் அதிகாரி அவர். அவருக்கு மூத்தவரான முன்னாள் தலைமைத் தளபதி கரியப்பாவுக்கு 1986இல்தான் வழங்கப்பட்டது. அந்தத் தகுதி வாழ்நாள் முழுமைக்கும் உரியது. அதே மாதம் 15ஆம் தேதி அவர் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால் அத்தகுதிக்குரிய முழு ஊதியமும் படிகளும் நெடுங்காலம் வழங்கப்படவில்லை. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது வெலிங்டன் வந்து அவரைச் சந்தித்து எடுத்த முயற்சியின் பயனாக, ஏறத்தாழ 1.3 கோடி ரூபாய் நிலுவைத் தொகை 2007இல் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 90ஐக் கடந்திருந்தது. சில்லூ அம்மையார் உயிரோடு இல்லை.

2008 ஜூன் 27 அதிகாலை வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் நிமோனியாவின் விளைவாக அவர் காலமானார். உதகமண்டலத்தில் உள்ள பார்சி இடுகாட்டில், மனைவியின் கல்லறைக்கு அருகில், படை மரியாதையோடு அடக்கம் நடந்தது. குடியரசுத் தலைவரோ பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ வரவில்லை. முப்படைத் தளபதிகளும் வரவில்லை. பாதுகாப்புத் துறை இணையமைச்சர் பல்லம் ராஜு மத்திய அரசின் சார்பில் கலந்துகொண்டார். அப்போது எழுந்த கண்டனம் நியாயமானது என்பதே என் கருத்து. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று நினைவு அஞ்சல் தலை வெளியிடப்பட்டது.

படைவீரர் மகள்

புதுவரவு அவர்களுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. யார் வரவில்லை என்ற பட்டியல் ஆண்டுதோறும் பகிரப்படுகிறது. யார் வந்தார்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. மகள்களும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். மலையில் வாழும் ஓய்வுபெற்ற படைவீரர்களும் இருந்தார்கள். நிலுவைப் பணத்தைப் பொறுத்தவரை என் கோபம் இன்னும் தணியவில்லை. ஃபீல்டு மார்ஷலுக்கே 34 ஆண்டுகள் ஆயின என்றால், பென்ஷன் ஆணையில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதற்காகக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காமல் அலையும் சிப்பாயின் மனைவியின் நிலை என்ன? அவரை நினைவுகூரும் நாளில் அந்தப் பெண்களின் மனுக்களையும் யாராவது கையிலெடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சுபேதார்

அம்மா சொன்னது முழுக்க உண்மை. என்னால் முடிந்த உதவியைச் சொல்கிறேன். இந்த இழையைப் படிக்கும் யாருடைய வீட்டிலாவது அப்படியொரு சிக்கல் இருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் வழங்கல் ஆணை, வங்கிப் புத்தகம், ஆதார் ஆகிய நான்கிலும் கணவர் பெயரும் மனைவி பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் இருக்கும். வேறுபாடு இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகப் படையின் ஆவணக் காப்பகத்துக்கு, அதாவது ரெக்கார்டு ஆபீஸுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். படைவீரர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. அவர் கையெழுத்துப் போட்டால் எளிதாக முடியும் வேலை, அவர் போன பிறகு மனைவியை அலைக்கழிக்கிறது.

நீலமலைவாசி

சுபேதார் ஐயாவின் பதிவை இழையின் மேற்பகுதியில் நிலையாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டிருக்கிறேன். குறிப்பைத் தொகுக்கும் வேலையை இந்த வாரம் தொடங்குகிறேன். ஷேர் சிங்கின் பெயர் முதல் பக்கத்தில் இடம்பெறும். மோட்டார் சைக்கிள் கதை இடம்பெறாது. அவரே சொன்னவை அவர் சொன்னவையாகவே குறிக்கப்படும். சில்லூ அம்மையாரைப் பற்றிய பகுதிதான் இன்னும் மெலிந்திருக்கிறது. 1959க்கும் 1962க்கும் இடையில் வெலிங்டன் கல்லூரியில் பணிபுரிந்த குடும்பங்களைச் சேர்ந்த யாரேனும் இங்கே இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நிழற்படம் இருந்தால் பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். பல வீடுகளில் தேதியும் இடமும் அங்கேதான் இருக்கும்.